ஜகதாம்பாவின் சொந்தக் குரல்

"இவருக்குப் பதில் இனி இவர்" என்று டி.வி.யில் ஒரு வரி போடுவார்கள். சீரியல் பார்க்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். நேற்றுவரை மாமியாராக இருந்தவள் இன்று வேறு மூக்கும் வேறு தாடையுமாக அதே சோபாவில் வந்து உட்கார்ந்திருப்பாள். ஜனங்கள் இரண்டு நாள் முகம் சுளிப்பார்கள், மூன்றாம் நாள் பழகிப்போகும். போனவள் எங்கே போனாள், இருக்கிறாளா செத்தாளா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். சாந்தகுமாரி சாவுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை, அந்த ஒரு வரிக்குத்தான் பயந்தாள்.

பயப்படக் காரணம் இருந்தது. அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் ஓயாத ஒரு தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கிற சாந்தகுமாரியை யாருக்கும் தெரியாது. ஆனால் தினம் ராத்திரி கன்னட சீரியலில் வருகிற ஜகதாம்பாவைத் தெரியாது என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். அந்தக் கொடுமைக்கார மாமியார் இவள்தான். காய்கறி வாங்கப் போனால் தள்ளுவண்டிக்காரி, "மருமகளை ஏம்மா அந்தப் பாடு படுத்துற?" என்று நிஜமாகவே சண்டைக்கு வருவாள். சாந்தகுமாரிக்கு அதில் ஒரு பெருமை. திட்டுகிறார்கள் என்றால் வேஷம் நிற்கிறது என்றுதானே அர்த்தம்.

அவள் கோலார் தங்கவயல்காரி. அப்பா இராஜமாணிக்கம் பகலில் சுரங்கத்துக்குள் இறங்குவார், சாயங்காலம் நாடகம் போடுவார். பதினேழு வயதில் அப்பாவின் சபாவில் மேடை ஏறியவள், மைக் இல்லாமலே கடைசி பெஞ்ச் வரைக்கும் குரல் போகும் என்று பேர் வாங்கினாள். சுரங்கத்தை மூடினார்கள், ஊரே காலியானது. புருஷன் எத்திராஜுக்குப் பீன்யாவில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது, பெங்களூருக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே தமிழ் நாடகம் வருஷத்துக்கு இரண்டு கிடைத்தால் அதிகம். அதனால் கன்னட சினிமாவில் நர்ஸ், வேலைக்காரி, சாவு வீட்டில் மாரடிக்கிற பொம்பளை என்று வந்ததையெல்லாம் செய்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஜகதாம்பா வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

அதிலும் ஒரு குறை. கன்னடம் தண்ணீராகப் பேசுவாள், ஆனால் பேச்சில் தங்கவயல் வாடை அடிக்கும். அதனால் ஜகதாம்பாவுக்குக் குரல் கொடுத்தது வேறொருத்தி. மேடையில் குரலுக்காகவே பேர் எடுத்தவளுக்கு டி.வி.யில் வாய் மட்டும்தான் சொந்தம். போகட்டும், முகமாவது இருக்கிறதே என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். சீரியலில் யாரும் வசனத்தை உருப்போட்டுக்கொண்டு வருவதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் அசோசியேட் டைரக்டர் நின்று வரிவரியாகச் சத்தம் போட்டு வாசிப்பாள், ப்ராம்ப்டிங் என்று அதற்குப் பேர். நடிகர் அதைக் காதில் வாங்கி, முகத்தில் அழுகையோ ஆத்திரமோ சேர்த்து, வாயில் திருப்பிச் சொல்லவேண்டும். கையில் பேப்பர் இருந்தால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். சாந்தகுமாரிக்கு அதுவும் இல்லை. அவள் தங்கவயல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கன்னட எழுத்தில் பஸ் போர்டு படிப்பதற்கே திண்டாடுவாள். ஆக, அவளுடைய பிழைப்பு முழுக்கக் காதில்தான் இருந்தது. அந்தக் காதுதான் போனது. எவ்வளவு அநியாயம் பாருங்கள்!

இடது காது எப்போதோ ஒரு காய்ச்சலில் போனது, அதை அவள் பெரிதுபடுத்தவில்லை. போன வருஷம் வலது காதும் மங்கியது. எத்திராஜ் டாக்டரிடம் கூட்டிப்போனார். "நரம்பு போயிடுச்சும்மா. மிஷின் வெச்சா சத்தம் வரும், வார்த்தை புரியாது," என்றார் டாக்டர். மிஷினையும் வைத்துப் பார்த்தார்கள். தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஓயாமல் ஒரு இரைச்சல், வேறொன்றும் இல்லை. கழற்றி அலமாரியில் வைத்தாள்.

"கம்பெனில சொல்லிடு சாந்தா. இன்னா, கொல பண்ணிட்டியா நீ?" என்றார் எத்திராஜ்.

"சொன்னா மறுநாளே வேற ஒருத்தி வந்து உக்காருவா. உங்களுக்கு இன்னா தெரியும் அந்தத் தொழில பத்தி?"

எத்திராஜ் கம்பெனி வேலையிலிருந்து நின்று வருஷமாகியிருந்தது. அடுத்த நாளிலிருந்து பையையும் ஃப்ளாஸ்கையும் தூக்கிக்கொண்டு மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறி, கெங்கேரிக்கு அப்பால் இருக்கிற ஷூட்டிங் பங்களாவுக்கு அவளோடு அவரும் வர ஆரம்பித்தார். சுரங்கத்தில் அவர் பாறை துளைக்கிற மிஷின் கேங்கில் இருந்தவர். அந்த மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டால் பேசுவார்கள். சத்தமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக, உதட்டை நன்றாகத் திறந்து மூடி. லாம்பு வெளிச்சத்தில் எதிரே நிற்கிறவன் அதைப் படித்துக்கொள்வான். அதை எத்திராஜ் இப்போது பெண்டாட்டிக்காக எடுத்தார். அசோசியேட் மோனிகா வாசிக்கிற ஒவ்வொரு வரியையும், கேமராவுக்கு இடது பக்கத்தில் நின்று, அவர் உதட்டில் போடுவார். சாந்தகுமாரி அதைப் பார்த்துப் பேசுவாள்.

ஆரம்பத்தில் தடுமாறினாள். பத்து நாளில் பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு சங்கடம். மருமகள் எதிரே நிற்க, ஜகதாம்பாவின் கண் எப்போதும் வேறு எங்கேயோ இருந்தது.

"லுக் தப்பும்மா, லுக் தப்பு," என்று டைரக்டர் நாகபூஷண் முதலில் கையை ஆட்டினார். எபிசோடு ஓடியதும் சேனலிலிருந்து அவருக்கு போன். மருமகளை முகம் கொடுத்துக்கூடப் பார்க்காமல் பேசுகிறாளே அந்தக் கிழவி, என்ன திமிர், ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார்களாம். அவ்வளவுதான், நாகபூஷண் அதையே சட்டமாக்கிவிட்டார். ஜகதாம்பா யாரையும் பார்த்துப் பேசமாட்டாள்! அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மெட்ரோவில் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்த சிரிப்பில், எதிர் சீட்டுப் பையன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு இவர்களைப் பார்த்தான்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. செட்டில் எவனோ ஒருத்தன் முக்கியமான சீனை மொபைலில் பிடித்து வெளியே விட்டுவிட்டான். சேனல்காரர்கள் தாம்தூம் என்று குதித்தார்கள். ஆர்ட்டிஸ்டோடு வருகிறவர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. எத்திராஜ் ஃப்ளாஸ்கோடு கேட்டுக்கு வெளியே ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தார். உள்ளே அவருடைய பெண்டாட்டி தனியாக மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு எடுக்கவேண்டிய சீன் காலையிலேயே போனுக்கு வந்திருந்தது. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் யாமினி அவசர அவசரமாகப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஜகதாம்பா மருமகளை வீட்டை விட்டு விரட்டுகிறாள். சாந்தகுமாரி வழி முழுக்க அதையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

ஷாட்டுக்கு நின்றாள். மோனிகா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தாள், வாயே தெரியவில்லை. மருமகளாக நடிக்கிற பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு ஓடி வந்தாள். விரட்டப்போகிறாள் என்று அழுகிறாள் போலிருக்கிறது, நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று சாந்தகுமாரி நினைத்தாள். எழுந்தாள், வாசலைக் காட்டி விரலை நீட்டினாள், இந்தக் குடும்பத்தில் உனக்கு இனி இடமில்லை, பெட்டியைக் கட்டு என்று இடி மாதிரி முழங்கினாள்.

செட்டே வாயைப் பிளந்தது. லைட்மேன்களில் ஒருவன் சிரித்தே விட்டான். என்ன நடந்ததென்றால், கடைசி நிமிஷத்தில் சீனை மாற்றியிருந்தார்கள். மகன் கார் மோதி ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறான் என்று சொல்லத்தான் மருமகள் ஓடி வந்தாள். பெற்ற தாய் கேட்டுவிட்டுக் கதறவேண்டும். இவளோ பெட்டியைக் கட்டு என்கிறாள்.

நாகபூஷண் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மோனிகா முந்திக்கொண்டு, அம்மாவுக்கு பி.பி., காலையிலிருந்தே தலை சுற்றுகிறது என்று சொல்லி மேக்கப் ரூமுக்குக் கூட்டி வந்து கதவைச் சாத்தினாள். ஜோகுபாளையத்துப் பெண் அவள், வீட்டில் தமிழ். செட்டில் சாந்தகுமாரியை ஆன்ட்டி என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"ஆன்ட்டி, என் மூஞ்சப் பாத்து சொல்லுங்க. உங்களுக்குக் காது கேக்குதா?"

சாந்தகுமாரி பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. மோனிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, உன் கால்ல வேணும்னாலும் விழறேன். டைரக்டர்கிட்ட சொல்லிடாத."

"நான் சொல்லலன்னா? நாளைக்கு இன்னா பண்ணுவீங்க? நாளன்னிக்கு? இன்னிக்கு மூட்டை அவுந்து எல்லாம் கொட்டிடுச்சே ஆன்ட்டி. வேற ஆளப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க."

அந்த 'வேற ஆள்' மட்டும் சாந்தகுமாரிக்கு உதட்டில் பளிச்சென்று தெரிந்தது. மாட்டிக்கொண்டவர்களுக்கு மூளை தறிகெட்டு ஓடும் அல்லவா, அவளுக்கும் ஓடியது.

"பேசாத ஜகதாம்பாவா வெச்சுக்கோங்க. புள்ளைக்கு அடிபட்டுச்சுன்னு கேட்ட அதிர்ச்சியில கை கால் வாய் எல்லாம் போயிடுச்சுன்னு எழுதச் சொல்லு. நான் பேசாம படுத்துக்கறேன். வசனமே வேணாம். மூஞ்சி மட்டும் இருந்தா போதும் கண்ணு."

மோனிகா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், தன் யோசனை மாதிரி டைரக்டரிடம் சொன்னாள். நாகபூஷண் தொடையில் தட்டினாராம். ஆட்டம் போட்ட மாமியார் கட்டிலில், கொடுமைப்பட்ட மருமகள் பணிவிடையில்! ஆறு வாரத்துக்குக் கதை கிடைத்துவிட்டது என்றாராம்.

வாயை வைத்துப் பிழைத்தவள் வாயையே அடகு வைத்துப் பிழைக்க ஆரம்பித்தாள். காலையில் மேக்கப், கொஞ்சம் கோணலாக உதட்டை ஒட்டிவிடுவார்கள், கட்டிலில் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பேசி அழுவாள். ஒரு வார்த்தை காதில் விழாது. சாந்தகுமாரி அந்தப் பெண்ணின் தொண்டையைப் பார்ப்பாள். தொண்டை ஏறி இறங்குகிற இடத்தில் வலது கண்ணை மட்டும் அசைப்பாள், அது நின்றதும் ஒரு சொட்டு விடுவாள். அதற்குத் தகுந்தமாதிரி ஒரு நாள் வெறுப்பு, ஒரு நாள் வெட்கம், ஒரு நாள் 'என்னை மன்னித்துவிடு' என்று ஒரு பார்வை. சும்மா சொல்லக்கூடாது, நாற்பது வருஷத் தொழிலையும் அந்த ஒற்றைக் கண்ணில் கொண்டுவந்து வைத்தாள். மாட்டிக்கொள்ளாமல் நாள் போகிறதே என்ற நிம்மதியும் இருந்தது, இப்படி ஒரு பிழைப்பா என்ற எரிச்சலும் இருந்தது. வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே பிடிக்காது. எத்திராஜ் சாப்பாடு போட்டுக் கொடுப்பார், இரண்டு பேரும் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார்கள்.

ஒரு நாள் ஷாட் முடிந்ததும் நாகபூஷண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலண்டை வந்து என்னவோ சொன்னார். செட் முழுக்கக் கை தட்டியது. இத்தனை கை ஒன்றாக மோதுவதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கென்று தெரியாமலே எழுந்து உட்கார்ந்து எல்லோரையும் கும்பிட்டாள். மோனிகா மட்டும் கை தட்டவில்லை.

மேக்கப் ரூமில் மோனிகா நிதானமாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். "உங்க கண்ணப் பாத்து ஜனங்க அழுறாங்களாம். ஜகதாம்பா எழுந்து பேசணும்னு சேனலுக்கு மெசேஜ் கொட்டுதாம். நாளைக்கு உங்களுக்குப் பேச்சு வருது ஆன்ட்டி. ரெண்டு பக்கம்."

நன்றாக நடித்ததற்குக் கூலி!

"இன்னொண்ணும் கீது. டப்பிங் கெடையாதாம். வாய் வராம கெடந்தவ பேசறா, நாக்கு கொழறினா நல்லாத்தான் இருக்கும், அம்மாவோட சொந்தக் குரல்லயே போகட்டும்னு சார் சொல்லிட்டாரு. லைவ் சவுண்டு. அதனால ப்ராம்ப்டிங்கும் இல்ல, நான் வாயே தெறக்க மாட்டேன்." நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "சொல்லிடலாம் ஆன்ட்டி. நானே சார்கிட்ட பேசறேன்."

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் சொல்லியிருந்தால் மரியாதையோடு போயிருக்கலாம். ஆனால் 'சொந்தக் குரல்' என்று கேட்டபிறகு அவளை யார் பிடிக்க முடியும்? இத்தனை வருஷம் கழித்து அவள் குரல் வெளியே போகப்போகிறது. ப்ராம்ப்டிங் யாருக்கும் இல்லையென்றால் அவளும் மற்றவர்களும் சமம்தானே. உருப்போடுவதில் அவளை அடிக்க அந்த செட்டில் ஆள் ஏது?

"வேணாம் கண்ணு," என்றாள். "நான் பேசறேன்."

அன்று சாயங்காலம் யாமினி ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகச் சாந்தகுமாரி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். யாமினி போனைப் பார்த்துக் கன்னட வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்தாள். எழுத எழுத அவளுக்கு முகம் சிவந்தது. வசனம் அப்படி. 'நான் அசையாமல் கிடந்தேன், அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தீர்கள். என் காது திறந்திருந்தது. நீங்கள் எனக்குப் பின்னால் பேசின ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன்.' இரண்டு பக்கமும் இதுதான். கேட்டேன், கேட்டேன், கேட்டேன்.

யாமினி பேனாவை வீசினாள். அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"போதும்மா. அசிங்கமா இருக்குது. எதுக்கு இப்படி பயந்து பயந்து சாவற? நான் சம்பாதிக்கறேன் இல்ல? ஜகதாம்பா போனா போகட்டுமே, நாங்க இல்லியா உனக்கு?"

"நீங்க இருக்கறீங்க. நான் இருக்க வேணாமா?" சாந்தகுமாரிக்குக் குரல் எக்கச்சக்கமாக எழும்பியது, அது அவளுக்கே தெரியவில்லை. "அந்த வேஷம் இருக்கற வரைக்கும்தான்டி நான் நடிகை. அது போச்சுன்னா வெறும் செவிடு. தெருவுல போனா, ஒத்து, வழி விடு, செவிடு போவுதுன்னு சொல்லுவாங்க. அவ்ளோதான் நான்."

யாமினி அழுதுகொண்டே மீதியை எழுதினாள். படுக்கப் போவதற்குள் சாந்தகுமாரிக்கு இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. காலையில் எத்திராஜ் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார், ஓர் எழுத்து பிசகவில்லை. மருமகள் நடுவில் எங்கே குறுக்கிடுவாள், எங்கே காலில் விழுவாள் என்பதையும் சேர்த்து மனசில் போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது அவளுக்கு நிஜமாகவே தைரியம் வந்திருந்தது.

கதைப்படி அன்று அந்த வீட்டில் வரமகாலட்சுமி பூஜை. பட்டுப்புடவை, காசுமாலை, ஒட்டியாணம் என்று காஸ்டியூம் ருக்மிணி ஜகதாம்பாவை ஜோடித்தாள். ராத்திரி சீன் என்பதால் ஹாலின் ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள். மோனிகா எப்படியோ பேசி, வாழைக்கன்று தூக்கி வருகிற ஆட்களோடு எத்திராஜை உள்ளே விட்டிருந்தாள். அவர் சமையலறை நிலைப்படியில் நின்று தலையசைத்தார்.

கிளாப் பலகை மூடியது. சாந்தகுமாரி அறைக்குள்ளிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். முதல் வார்த்தை குழறிக்கொண்டு வந்தது. இரண்டாவது கொஞ்சம் தெளிந்தது. அப்புறம் மெல்ல மெல்லக் குரலை ஏற்றினாள். அவள் காதுக்கு அது எட்டவில்லை, ஆனால் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது, அது போதும் அவளுக்கு. எதிரே நின்றவர்களின் முகம் மாறுவதைப் பார்த்தாள். மருமகள் சரியான இடத்தில் காலில் விழுந்தாள். சாந்தகுமாரி உயிரோடு இருந்தாள்.

முதல் பக்கம் முடிகிற நேரத்தில் பக்கத்து மனையில் போர்வெல் லாரி துளைபோட ஆரம்பித்தது. பங்களாவே அதிர்கிற சத்தம். நாகபூஷண் எரிச்சலோடு கட் என்று கத்தினார். மறுபடியும் கத்தினார். சவுண்டுக்காரர் மிஷினை அணைத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். மருமகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அதை ஜகதாம்பாவின் கோபத்துக்குப் பயந்து விலகுகிறாள் என்று சாந்தகுமாரி எடுத்துக்கொண்டாள். எத்திராஜ் நிலைப்படியிலிருந்து பாய்ந்து முன்னால் வந்து, "நிறுத்து சாந்தா, நிறுத்து," என்று உதட்டைப் பெரிதாகப் பிளந்து சொன்னார். அதே நேரத்தில் லைட்மேன் மெயினை அணைத்துவிட்டான். ஹால் இருட்டானது. இருட்டில் உதடு எங்கே தெரியும்?

வேறு எந்த நடிகையாக இருந்தாலும் விளக்கு போனதும் நின்றிருப்பாள். சாந்தகுமாரியின் வளர்ப்பு அப்படி இல்லை. தங்கவயல் மேடையில் கரண்ட் போவது சகஜம். விளக்கு போனால் ஜனம் விசிலடித்துக்கொண்டு எழுந்துவிடும், அதனால் இருட்டில்தான் இன்னும் உரக்கப் பேசவேண்டும், பெட்ரோமாக்ஸ் வரும்வரைக்கும் வசனம் நிற்கக்கூடாது என்பது இராஜமாணிக்கம் சபாவின் கட்டளை. கரண்ட் போய்விட்டது, பரவாயில்லை, நடிப்பை விட்டுவிடக்கூடாது என்று நினைத்தாள் அந்தப் பாவி. குரலை உச்சிக்குத் தூக்கினாள். 'என் காது திறந்திருந்தது. எல்லாம் கேட்டேன். நீங்கள் மூச்சு விட்டதுகூடக் கேட்டேன்.' துளைபோடுகிற சத்தத்தையும் மீறி அது ஹால் முழுக்கப் போனது. ஒருத்தர் அசையவில்லை. இரண்டாம் பக்கம் முழுவதையும், ஒரு வார்த்தை விடாமல், கடைசித் தழுதழுப்புவரை பேசி முடித்தாள்.

மிஷின் எதுவும் ஓடவில்லை. அந்தக் குரல் எதிலும் பதிவாகவில்லை.

விளக்கு வந்தது. கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லை. எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசந்துபோய் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள், லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். நாகபூஷண் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, "அம்மா," என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னும் கிட்டே வந்து, "அம்மா, கேளிஸ்தா இல்வா?" என்றார். கேட்கவில்லையா என்கிற அந்தக் கேள்வியும் அவளுக்குக் கேட்கவில்லை. எதிரே மோனிகா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைத்தது. திரும்பினாள். நாகபூஷண் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார்.

"எனக்குக் காது கேக்காது சார்," என்று தமிழிலேயே சொன்னாள். "ஒரு வருஷமா கேக்காது. ஆனா இன்னிக்கு வசனம் ஒரு எடத்துலயாவது பிசகுச்சா? நீங்களே சொல்லுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவள் தோளைத் தொட்டார், கண்ணில் இரக்கம் இருந்தது. என்னவோ சொன்னார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அதற்குள் சுற்றி நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை உதடு ஒன்றாக அசைந்தால் எதைப் படிப்பது? சாந்தகுமாரி எத்திராஜைத் தேடினாள். நாலடி தூரத்தில் நின்றிருந்தார்.

"இன்னாங்க, இன்னா சொல்றாரு? இன்னொரு தரம் எடுக்கறாங்களாமா? போர்வெல் நின்னதும் எடுக்கலாம்னு சொல்லுங்க. எனக்கு அப்டியே ஞாபகம் கீது. கேட்டுச் சொல்லுங்க."

எத்திராஜ் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"கைய எடுங்க. மறைச்சா எனக்கு எப்டித் தெரியும்? கைய எடுங்கன்னு சொல்றேன் இல்ல?"

அவர் எடுக்கவில்லை. துண்டுக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

ருக்மிணி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். கையில் நகைப்பெட்டி திறந்திருந்தது. காசுமாலையும் ஒட்டியாணமும் சாந்தகுமாரியினுடையவை அல்ல, ஜகதாம்பாவினுடையவை, அடுத்து யார் ஜகதாம்பாவோ அவளுக்குப் போகவேண்டியவை. ருக்மிணியால் கொக்கியை எட்ட முடியவில்லை. சாந்தகுமாரி தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினாள்.